கண்ணும் சிவப்புப் புள்ளியும்

மூக்குக்கண்ணாடித் தொழில் செய்பவனுக்கும் துப்பாக்கிக்கும் என்ன உறவு என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நாகூரில் வாப்பாவின் கடையில் கண்ணாடி தேய்க்கக் கற்றுக்கொண்டு, பின்பு ஸ்வீடன் நாட்டின் தென்புறத்து ஸ்மோலாந்தில் 22 ஆண்டுகளாக அதே தொழிலால் குடும்பம் நடத்திவரும் நான், இன்றுவரை ஒரு தோட்டாவும் சுட்டவனல்லன். ஆயினும் 2023ஆம் ஆண்டுக் கோடையின் பெரும்பகுதியை, ரைபிளின்மேல் பொருத்தும் சிவப்புப் புள்ளிக் குறிகாட்டி ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில் செலவிட்டேன். துப்பாக்கி என் அண்டைவீட்டுப் பெரியவருடையது. கண்ணும் அவருடையதே. அந்தக் கண்ணை அறிந்தவன் என்ற ஒரே காரணத்தால் வழக்கு என்னிடம் வந்து சேர்ந்தது.

ஸ்வீடனில் வேட்டை என்பது செல்வர்களின் பொழுதுபோக்கன்று. உழவரும் தச்சரும் பள்ளி ஆசிரியரும் கூடி நடத்தும் ஊர்க்காரியம். 'காட்டின் மன்னன்' என்று அவர்கள் அழைக்கும் மூஸ், மான் இனத்திலேயே மிகப் பெரியது. தோளுயரம் இரண்டு மீட்டரை எட்டும். இளம் பைன் கன்றுகளின் குருத்தைத் தின்று தோப்புகளைக் கெடுப்பதும், இருட்டில் சாலையின் குறுக்கே வந்து கார்களோடு மோதுவதும் அதன் வழக்கம். 1982ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 1,74,000 மூஸ்கள் சுடப்பட்டன. இன்று அத்தொகை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. அந்நாட்டு வேட்டைச் சட்டத்தில் என் மனத்தைத் தொட்ட விதி ஒன்றுண்டு. மூஸ் வேட்டையில் விலங்கு காயம்பட்டுத் தப்பினால், தேடிக் கண்டுபிடிக்கப் பழக்கிய நாய் ஒன்று இரண்டு மணி நேரத்துக்குள் அவ்விடம் வந்து சேருவதற்கு ஏற்பாடு இருந்தாக வேண்டும். சுட்டவனின் பொறுப்பு தோட்டாவோடு முடிவதில்லை என்பது அதன் கருத்து.

பெரியவருக்கு அந்த விதி 2022 இலையுதிர் காலத்தில் தேவைப்பட்டது. அவருக்கு அப்போது வயது 71. மாலை மங்கும் வேளையில், மரங்களுக்கிடையே நடந்துபோன மூஸ் ஒன்றைச் சுட்டிருக்கிறார். தோளுக்குப் பின்னே, நெஞ்சில் படவேண்டிய தோட்டா, வயிற்றில் பட்டுவிட்டது. நாயைக் கொண்டுவந்தார்கள். வயிற்றில் அடிபட்ட விலங்கை உடனே விரட்டினால் அது பல மைல் ஓடிவிடும் என்பதால் பொறுத்திருந்து தேடினார்கள். மறுநாள் காலையில்தான் ஒரு சதுப்பு நிலத்தில் அதைக் கண்டார்கள். உயிர் இருந்தது.

அன்று மாலை அவர் என் வீட்டுக்கு வந்தார். காப்பி ஊற்றி வைத்தேன், ஆறிப்போகும்வரை தொடவில்லை. பிறகு சொன்னார்: "என் கண்ணைச் சோதித்துப் பாருங்கள். கண்ணைத் திருத்தினால் போதுமா, கருவியை மாற்ற வேண்டுமா, அல்லது நான் நின்றுவிட வேண்டுமா? இந்த மூன்றில் எது என்று சொல்லுங்கள்."

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். ஸ்வீடிஷ் மொழி 1960களின் இறுதியில் மரியாதைப் பன்மையைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டது. அவர் என்னை 'நீ' என்பார். நானும் அவரை 'நீ' என்றே அழைத்தாக வேண்டும். வாப்பாவின் வயதொத்தவரை அப்படி அழைக்க இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் என் நாக்குக் கூசுகிறது. தமிழில் எழுதும்போதாவது அக்குறை நீங்கட்டும் என்று 'நீங்கள்' என்று எழுதிக்கொள்கிறேன்.

சோதித்ததில் இரண்டு குறைகள் தெரிந்தன. ஒன்று, வெள்ளெழுத்து, அது அந்த வயதில் எல்லாருக்கும் உள்ளது. மற்றொன்று, வலக்கண்ணில் சிலிண்டர் பவர். கண்ணின் முன்தோல் பந்துபோல் எல்லாப் பக்கமும் ஒரே வளைவாக இல்லாமல், முட்டையின் பக்கவாட்டைப் போல் ஒரு திசையில் கூடுதலாக வளைந்திருப்பதால் வரும் குறை இது. புள்ளியாகத் தெரிய வேண்டியது கோடாக இழுபடும். ஜார்ஜ் ஏரி என்ற ஆங்கிலேய வானியலறிஞர் தம் கண்ணிலேயே இக்குறையைக் கண்டு, 1825இல் அதற்கென உருளை வடிவக் கண்ணாடி செய்வித்து அணிந்தார். நம் ஊர்க் கடைகளில் 'சிலிண்டர்' என்று சொல்வது அந்த உருளையைத்தான்.

வெள்ளெழுத்து வேட்டைக்காரனை எப்படிக் கெடுக்கிறது என்பதை அறியப் பழைய துப்பாக்கியின் அமைப்பை அறிய வேண்டும். குழலின் முனையில் ஓர் இரும்பு முள்; பின்னே வெட்டுவாய் உள்ள ஒரு தகடு; அப்பால் விலங்கு. மூன்றையும் ஒரே கோட்டில் நிறுத்த வேண்டும். ஆனால் மனிதக் கண் ஒரு நேரத்தில் ஒரு தொலைவையே தெளிவாகக் காணும். இளமையில் கண் மூன்றுக்கும் மாறிமாறித் தாவி ஒப்பேற்றிவிடும். நாற்பதைக் கடந்தபின், ஊசியில் நூல் கோக்கத் திணறுபவரின் கதைதான். தகடு கலங்கும், முள் மங்கும், விலங்கு ஒன்றுதான் தெளிவாக நிற்கும். மேலும் முள்ளின் அகலம் 2 மில்லிமீட்டர் என்றும், கண்ணிலிருந்து அது ஒரு மீட்டர் தள்ளி இருக்கிறதென்றும் வைத்துக்கொண்டால், 80 மீட்டருக்கு அப்பால் 16 சென்டிமீட்டர் அகலத்தை அது மறைத்துவிடும். மங்கலான முள் இன்னும் அதிகமாக மறைக்கும். மாலை வெளிச்சத்தில் அந்தப் பெரியவரின் தோட்டா ஏன் பின்னே போயிற்று என்பதற்கு வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

சிவப்புப் புள்ளிக் குறிகாட்டி இந்த மூன்றை இரண்டாக்குகிறது. பலர் நினைப்பதுபோல அது விலங்கின்மேல் சிவப்பு ஒளியைப் பாய்ச்சுவதில்லை. அது லேசர், வேறு கருவி. இதில் ஒளி வெளியே செல்வதற்கு மாறாகச் சுடுபவனின் கண்ணை நோக்கித் திரும்புகிறது. சிறு குழாய்க்குள் ஒரு கடுகளவு சிவப்பு விளக்கு. அதன் முன்னே சற்றே குழிந்த ஒரு கண்ணாடி. அந்தக் கண்ணாடியின்மேல் சிவப்பை மட்டும் திருப்பி மற்ற நிறங்களை உள்ளே விடும் மெல்லிய பூச்சு ஒன்று உண்டு. விளக்கு கண்ணாடியின் குவியத்தில் இருப்பதால், திரும்பும் கதிர்கள் இணையாகப் புறப்பட்டுக் கண்ணில் விழுகின்றன. இணையான கதிர் என்றால் வெகுதொலைவிலிருந்து வருவதாகவே கண் கொள்ளும், விண்மீனைப் பார்ப்பதுபோல. ஆகவே புள்ளியும் விலங்கும் ஒரே தொலைவில் நிற்கின்றன. கண் எங்கும் தாவ வேண்டியதில்லை.

இக்கருத்து புதிதன்று. டப்ளினில் தொலைநோக்கி செய்த ஹோவர்ட் கிரப் என்பவர் 1900இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய பட்டறையில் உருவாகி, 1888இல் பூனாவின் வானாய்வகத்துக்கு வந்த 20 அங்குலத் தொலைநோக்கிதான் 1912இல் நம் கொடைக்கானலுக்கு மாற்றப்பட்டது என்பதை அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி சொல்லத் தரமன்று. 1918இல் ஜெர்மானியர் அவர் கருத்தைப் போர்விமானங்களில் பொருத்திப் பார்த்தனர். ஆனால் தோளில் தாங்கும் ரைபிளுக்கு ஏற்றபடி அது சிறுத்துவர, 1962இல் பிறந்த சிவப்பு ஒளியுமிழும் டையோடு தேவைப்பட்டது. 1974இல் ஸ்வீடனில் தொடங்கப்பட்ட எய்ம்பாயின்ட் நிறுவனம், ஜான் எக்ஸ்ட்ரான்ட் வடிவமைத்த முதல் மின்குறிகாட்டியை 1975இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை முதலில் வாங்கியவர்கள் வேட்டைக்காரர்கள். அமெரிக்கத் தரைப்படை அந்நிறுவனத்தின் கருவியை ஏற்றுக்கொண்டது 1997இல்தான். பெரியவரின் ரைபிளோ படையிலிருந்து வேட்டைக்கு வந்தது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் நடந்து அவர் வீட்டுச் சுவரில் சந்தித்தன.

அந்த ரைபிளைப் பற்றிச் சொல்லாமல் தேர்வைப் பற்றிச் சொல்ல இயலாது. எஸ்கில்ஸ்டூனா நகர ஆலையில் 1914இல் செய்யப்பட்ட, 1896ஆம் ஆண்டு மாதிரி மௌசர் அது. 6.5 × 55 மில்லிமீட்டர்த் தோட்டா. அவருடைய தந்தையார் பண்ணையில் உழைத்த கூலியில் வாங்கியது. படைத் துப்பாக்கியின் பின்தகடு குறைந்தது 300 மீட்டருக்கே அளவிடப்பட்டிருந்ததால், அருகில் சுடும்போது தோட்டா மேலே போகும். தந்தையார் உயரமான முள் ஒன்றைத் தாமே அரத்தால் தேய்த்துப் பொருத்தியிருந்தார். அந்த அரத்தின் கீறல்கள் இன்றும் முள்ளில் தெரிகின்றன.

நாங்கள் முதலில் சென்ற கடையில் விற்பனையாளர் அந்தத் துப்பாக்கியைப் பார்த்ததும் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளச் சொன்னார். அது நடக்காது என்று தெரிந்ததும், அறையின் இரும்பில் நான்கு துளை போட்டுத் தொலைநோக்கி பொருத்தலாம் என்றார். பெரியவர் ரைபிளைத் துணியில் சுற்றத் தொடங்கிவிட்டார். தந்தையின் பொருளில் துளை போடுவதற்கு அவருக்கு மனம் வரவில்லை; வராததில் எனக்கு வியப்பும் இல்லை.

மேலும் அந்த யோசனை தொழில்முறையிலும் சரியன்று. அந்த மாதிரி ரைபிளின் தாழ்ப்பிடி நேராக நீட்டிக்கொண்டிருப்பது. தோட்டா ஏற்றத் தூக்கும்போது செங்குத்தாக எழும். தாழ்வாகத் தொலைநோக்கி வைத்தால் அதில் இடிக்கும். பிடியை வளைக்கவோ வெட்டவோ வேண்டியிருக்கும். தொலைநோக்கியைக் கண்ணுக்குச் சில அங்குலத் தொலைவில் மட்டுமே வைக்க முடியும் என்பது மற்றொரு தொல்லை. தள்ளி வைத்தால் காட்சி இருண்டுவிடும். நெருங்கிப் பார்த்தால் துப்பாக்கி உதைக்கும்போது புருவம் கிழியும். சிவப்புப் புள்ளிக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. கண்ணருகே வைத்தாலும் ஒரு முழம் தள்ளி வைத்தாலும் புள்ளி தெரியும். எனவே அறையைத் தொடாமல், குழலின்மேல் பழைய பின்தகடு இருந்த அடிப்பீடத்திலேயே ஒரு தாங்கியைப் பூட்டிக் குறிகாட்டியை வைக்கலாம். வேண்டாமென்றால் கழற்றிவிட்டுத் தகட்டை மீண்டும் மாட்டிக்கொள்ளலாம். இதை அவருக்கு நான் ஒரு காகிதத்தில் வரைந்து காட்டியபோது, சதுப்பு நிலத்து நிகழ்ச்சிக்குப் பின் முதன்முறையாக அவர் முகம் தெளிந்தது.

இனிப் புள்ளியின் அளவு. பஞ்சாங்கம் பார்ப்பவர்கள் பாகை, கலை என்ற கணக்கை அறிவார்கள். ஒரு பாகையில் 60 கலை. குறிகாட்டிகளின் புள்ளியையும் கலையில்தான் அளக்கிறார்கள். ஒரு கலை என்பது 100 மீட்டரில் ஏறத்தாழ 2.9 சென்டிமீட்டர். 2 கலைப் புள்ளி 80 மீட்டரில் நான்கரைச் சென்டிமீட்டருக்குச் சற்று மேலே மறைக்கும். 4 கலைப் புள்ளி ஒன்பதுக்கு மேலே. பெரிய புள்ளி விரைவில் கண்ணில் படும். சிறியது நுட்பமாகக் குறிவைக்க உதவும். மூஸின் நெஞ்சுப் பகுதி பெரிய உணவுத் தட்டைவிட அகன்றது என்பதால் இரண்டில் எதுவும் போதும். ஆனால் ஒளியைக் கூட்டிவைத்தால் எந்தப் புள்ளியும் ஊதிப்பெருத்துவிடும். கண்ணுக்குத் தெரியும் அளவுக்குள் மிகக் குறைந்த ஒளியே நல்ல ஒளி.

இரண்டாவது கடையில் பெரியவர் ஒரு குறிகாட்டியை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது புள்ளியில்லை, காற்புள்ளி" என்றார். விற்பனையாளர் உடனே இருமடங்கு விலையுள்ள வேறொன்றை எடுத்துவைத்தார். நான் முதலாவதை வாங்கி, அவர் கண்முன்னேயே மெல்லக் கால்வட்டம் சுழற்றினேன். "வால் சுழல்கிறதா?" என்று கேட்டேன். இல்லை, அது அதே பக்கம்தான் நீண்டிருக்கிறது என்றார். கருவியில் கோளாறு என்றால் கருவியோடு வாலும் திரும்பும். திரும்பவில்லையென்றால் கோளாறு கண்ணில். ஒரு தாளில் ஊசியால் துளையிட்டு அதன் வழியே பார்க்கச் சொன்னேன், புள்ளி உருண்டையாகிவிட்டது. சந்தேகம் தீர்ந்தது. இருமடங்கு விலை கொடுத்தாலும் வாலும் கூடவே வீட்டுக்கு வந்திருக்கும். குறிகாட்டி வாங்கப் புறப்படும் எவரும், குறிப்பாக நாற்பது கடந்தவர்கள், இந்த இரண்டு சோதனைகளையும் செய்யாமல் பணப்பையைத் திறக்கலாகாது.

ஆகவே குறிகாட்டிக்கு முன் கண்ணாடி. அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. கன்னத்தைக் கட்டையில் பதித்துக் குறிபார்ப்பவன், கண்ணாடியின் நடுவழியாகப் பார்ப்பதில்லை. மூக்கோரத்து மேல்மூலை வழியாகப் பார்க்கிறான். தலையும் சாய்ந்திருப்பதால் சிலிண்டரின் அச்சும் சில பாகைகள் மாறிவிடும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வைத்து எடுத்த அளவு காட்டில் உதவாது. மருந்து வாசனை வீசும் என் சோதனை அறைக்குள் துப்பாக்கியைக் கொண்டுவர முடியுமா? பெரியவர் தோளில் ஒரு துடைப்பக் கட்டையைத் தாங்கிக் கன்னத்தைச் சாய்த்து நிற்க, அந்த நிலையிலேயே அச்சையும் மையத்தையும் அளந்தேன். அப்போது உள்ளே வந்த ஒரு பெண்மணி ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். தொலைப்பார்வைக்கு மட்டுமான ஒற்றைப் பவர் கண்ணாடி செய்து கொடுத்தேன். அவர் அன்றாடம் அணியும் படிப்படியான பவர் கண்ணாடி இதற்கு ஆகாது. அதன் ஓரங்கள் காட்சியை வளைக்கும்.

புதுக் கண்ணாடியோடு மீண்டும் கடைக்குச் சென்றோம். இம்முறை குறிகாட்டியை ஜன்னல் கட்டையில் அசையாமல் வைத்துவிட்டு, தலையை மட்டும் மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்த்தச் சொன்னேன். நல்ல கருவியில், கண் எங்கே போனாலும் புள்ளி எதிர்வீட்டுப் புகைபோக்கியின் ஒரே கல்லில் நிற்கும். மலிவானதில் கண் விளிம்புக்குப் போகும்போது புள்ளி அடுத்த கல்லுக்கு நகரும். இதன் காரணம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறியப்பட்டது. பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைத்தம், ஒளியைக் குவிக்கும் ஆடிகளைப் பற்றி எழுதிய நூல்களில், உருண்டையாகக் குழிந்த ஆடி எல்லாக் கதிர்களையும் ஒரே இடத்தில் சேர்ப்பதில்லை என்று கணக்கிட்டுக் காட்டினார். விளிம்பில் படும் கதிர் ஓரிடம், நடுவில் படும் கதிர் ஓரிடம். நல்ல உற்பத்தியாளர்கள் இரண்டு கண்ணாடிகளை ஒன்றோடொன்று ஒட்டி அக்குறையைச் சரிசெய்கிறார்கள். விலையின் ஒரு பகுதி அதற்காகத்தான். நான் ஜன்னலோரம் நின்று இதை விளக்கியபோது விற்பனையாளரும் குனிந்து பார்த்தார்.

வடிவத்தில் இரண்டு வகை. ஒன்று, ஒற்றைக் கண்ணாடி மட்டும் நிற்கும் திறந்த வகை. எடை குறைவு, பார்க்க அழகு. ஆனால் விளக்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே பனித்துகளோ மழைத்துளியோ விழுந்தால் புள்ளி சிதறும் அல்லது மறையும். மற்றது, இருபுறமும் மூடிய குழாய். ஸ்மோலாந்தின் அக்டோபர் மழையை 22 ஆண்டுகள் பார்த்தவன் என்ற முறையில் குழாய்க்கே என் வாக்கு.

குளிரும் கருவியைச் சோதிக்கும். 2015இல் ஈஓடெக் என்னும் அமெரிக்க நிறுவனம், ஹாலோகிராம் முறையில் இயங்கும் தன் குறிகாட்டிகள் கடுங்குளிரிலும் ஈரவெப்பத்திலும் குறிமாறுவதை அறிந்திருந்தும் மறைத்ததாக எழுந்த வழக்கில், அமெரிக்க அரசுக்கு 2.56 கோடி டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது. விளம்பரத் தாளில் 'எந்தச் சூழலுக்கும்' என்ற சொற்றொடரைக் காணும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வருகிறது. மின்கலம் அவ்வளவு பெரிய கவலையன்று. இன்றைய நல்ல குறிகாட்டிகள் 50,000 மணி நேரம், அதாவது ஐந்தரை ஆண்டுக்கு மேல், அணையாமல் எரிகின்றன. ஆயினும் வேட்டை தொடங்கும் முன் ஆண்டுதோறும் புதியது போட்டுக்கொள்வது நன்று. அது ஒரு காப்பியின் விலை.

இறுதியில் 2 கலைப் புள்ளியுள்ள, மூடிய குழாய் வகையில், நடுத்தர விலையுள்ள ஒன்றை எடுத்தோம். துப்பாக்கித் தச்சர் ஒரு துளையும் போடாமல் அதைப் பின்தகட்டின் பீடத்தில் பூட்டிக் கொடுத்தார். ஒவ்வொரு இருபது தோட்டாவுக்குப் பின்னும் திருகுகளைச் சோதிக்கும்படி எச்சரித்தார். பழைய பீடத்தை அவர் முழுதாக நம்பவில்லை.

ஆகஸ்டு மாதத்தில் சுடுபயிற்சித் திடலுக்குச் சென்றோம். 80 மீட்டருக்கு அப்பால் மூஸ் வடிவத்தில் வெட்டிய பலகை ஒன்று தண்டவாளத்தில் ஓடும். முதல் ஓட்டத்தில் அவர் சுட்டவை எல்லாம் பின்னே விழுந்தன. பயிற்சியாளர் அருகில் வந்து, "நீங்கள் புள்ளியைப் பார்க்கிறீர்கள். மூஸைப் பாருங்கள், புள்ளி தானே வரும். இடக்கண்ணை மூடாதீர்கள்" என்றார். ஐம்பது ஆண்டுகளாக ஒரு கண்ணை மூடிச் சுட்டவருக்கு அது எளிதாகவில்லை. இரும்பு முள்ளுக்கு ஒரு கண் வேண்டும்; இதற்கு இரண்டும் வேண்டும். நான்கு வாரங்கள், வாரம் இரண்டு மாலை, அவர் அந்தப் பலகையைச் சுட்டார். கடைசி வாரத்தில் தோட்டாக்கள் நெஞ்சில் விழுந்தன. அப்போதும் அவர் தமக்குத் தாமே ஓர் எல்லை வகுத்துக்கொண்டார்: 80 மீட்டருக்கு அப்பால் சுடுவதில்லை, அந்தி மயங்கிய பின் சுடுவதில்லை.

அந்த இலையுதிர் காலத்தின் முதல் நாள் அவர் வெறுங்கையோடு திரும்பினார். 60 மீட்டரில் ஒரு காளை மூஸ் நின்றதாம். புள்ளி தோளுக்குப் பின்னே அசையாமல் நின்றதாம். அப்போது திறந்திருந்த இடக்கண்ணில் ஏதோ சாம்பல் நிறமாக அசைந்தது. பின்னாலிருந்த புதரிலிருந்து நாய் வெளியே வந்துகொண்டிருந்தது. விரலை எடுத்துவிட்டார். "ஒரு கண்ணை மூடியிருந்தால் நாயைக் கண்டிருக்க மாட்டேன்" என்று அன்றிரவு பலமுறை சொன்னார். ஒன்பது நாட்கள் கழித்து மற்றொன்று வந்தது. அது முப்பதடி நடந்து விழுந்தது.

இறைச்சியில் ஒரு பங்கைக் கொண்டுவந்து கொடுத்தார். அதை நாம் உண்ணலாமா என்று நான் கேட்ட ஆலிம்கள் இருவரும் இருவேறு விடை சொன்னார்கள். பொட்டலத்தை நன்றி சொல்லி அடுத்த தெருக்காரருக்கு அனுப்பிவிட்டேன். பெரியவருக்கும் அது தெரியும், வருத்தமில்லை. கழற்றிய பழைய பின்தகட்டை எண்ணெய்த் துணியில் சுற்றி, ஒரு தீப்பெட்டியில் போட்டு, மேலே தேதி எழுதித் தம் மேசையில் வைத்திருக்கிறார். அவருடைய பேரனுக்கு வயது பதினாறு. போன மாதம் கடைக்கு அழைத்து வந்தார், சோதித்துப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் குறையொன்றும் இல்லை. சிலிண்டரும் கிடையாது. தகடு பத்திரமாக இருக்கட்டும் என்று பெரியவரிடம் சொல்லியனுப்பினேன்.